கல்லில் கண்ட தாம்பத்தியம்

திருமண நாளுக்கு வெளிநாடு என்றால் பெங்களூரில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் பாலி, மாலத்தீவு, தாய்லாந்து என்றுதான் சொல்வார்கள். எங்கள் வெள்ளிவிழா ஆண்டில் என் கணவர் கம்போடியா என்றார். "கடல் பார்க்கணும்னா மங்களூர் போயிடலாம். உனக்குக் கோயில் பிடிக்கும், எனக்குப் பழைய கல்லுன்னா உயிரு. அங்கோர் போலாமே."

அவருக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை, எனக்கு ஜெயநகரில். இந்த ஊர் நெரிசலில் ஆளுக்கொரு திசையில் போய், களைத்து வீடு சேர்கிறோம். இருவரும் ஒரே பொருளைப் பார்த்து வாய்பிளந்து நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. நானும் சரி என்றேன்.

பாங்காக்கில் விமானம் மாறி, அங்கோருக்கு அருகிலுள்ள சியம் ரீப் போய் இறங்கினோம். 2023-ல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரமும் நல்லதுதான். வழியெங்கும் வயலும் வரப்பும், வரப்பெல்லாம் பனையும். பனைதான் கம்போடியாவின் தேசிய மரம். தமிழ்நாட்டைக் கடந்து இத்தனை தொலைவு வந்தபிறகும் அந்த மரம் எங்களைக் கைவிடவில்லை.

எல்லோரும் முதலில் அங்கோர் வாட் போவார்கள். நாங்கள் பாந்தே ஸ்ரேயிலிருந்து தொடங்கினோம். போகிற வழியில் கிராமத்துப் பெண்கள் சாலையோரத்தில் அடுப்பு மூட்டிப் பதநீர் காய்ச்சுகிறார்கள். ஓலையில் பொதிந்து விற்கும் அந்தப் பனஞ்சர்க்கரையை வாயில் போட்டதும், "உடன்குடிக் கருப்பட்டியை விடக் கொஞ்சம் இளசு" என்று தீர்ப்புச் சொன்னார் என் கணவர்.

பாந்தே ஸ்ரே 967-ல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். அரசன் கட்டியதல்ல, யக்ஞவராகர் என்ற அரச குரு கட்டுவித்தது. ஆளுயரத்தை விட அதிகம் உயராத வாசல்கள். இளஞ்சிவப்பு மணற்கல்லில் ஒரு விரல் இடம்கூட வெறுமையாக விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்தது 1010-ல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது இது.

அங்கே ஒரு முகப்பில் இராவணன் கயிலையை அசைக்கிறான். அடுக்கடுக்கான மலையில் விலங்குகள் சிதறி ஓடுகின்றன, முனிவர்கள் பதறுகிறார்கள். உச்சியில் பார்வதி சிவனை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறாள். சிவன் முகத்தில் பதற்றமே இல்லை. அதே கட்டடத்தின் மறுபக்க முகப்பில் மன்மதன் தவத்திலிருக்கும் சிவன்மீது வில்லை வளைக்கிறான், அருகே உமை. ஒரு பக்கம் அஞ்சி அணைத்தல், மறுபக்கம் காதல் அம்பு. திருமண நாளுக்கு வந்தவர்களை நெடுநேரம் நிறுத்திவைக்க இவ்விரண்டு முகப்புகளே போதும்.

கோபுர வாசலின் மேல் முகப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு உடல் சிலிர்த்தது. பத்துக் கரங்களோடு சிவன் ஆடுகிறான். கீழே ஓர் ஓரத்தில் எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள்.

"என்னங்க, இங்க பாருங்க. நம்ம காரைக்கால் அம்மை!"

ஆய்வாளர்களும் அப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். அதற்கு முன்பே அம்மையாரின் உருவம் கடல் கடந்து இந்தக் காட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், வாணிகத்துக்கென்று கப்பலேறிப் போனவன் திரும்பி வரவேயில்லை. பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று முதல் மனைவியின் பெயரையே வைத்தான். பிறகு அம்மையைத் தெய்வமென்று கருதி மனைவி மகளோடு அவள் காலில் விழுந்தான். அழகையும் இளமையையும் உதறிப் பேயுருக் கேட்டு வாங்கிக்கொண்ட அவள், இங்கே ஆடுகிறவன் காலடியில் நிறைவாக அமர்ந்திருக்கிறாள்.

கணவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பக்கத்துல இருக்கிறவளை அவன் புரிஞ்சுக்கவே இல்ல பாரு" என்றார். இருபத்தைந்து ஆண்டு உடன் வாழ்ந்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கு எந்தப் பரிசையும் விடப் பெரிதாகப் பட்டது.

மறுநாள் அங்கோர் தாம். பழைய அரண்மனை வளாகத்துக்குள் பிமானாகாஸ் என்ற படிக்கட்டுக் கோயில் நிற்கிறது. இங்கே கிடைத்த கல்வெட்டு, 1181-ல் முடிசூடிய ஏழாம் ஜெயவர்மனின் அரசி ஜெயராஜதேவியைப் பற்றியது. கணவன் சம்பா நாட்டுக்குப் படையோடு போய்விட, அவள் நோன்பும் தவமுமாகக் காத்திருந்தாள். அக்காள் இந்திராதேவி அவளுக்குப் பௌத்த நெறியைச் சொல்லித் தேற்றினாள். அவன் வந்தான், அரசனானான். ஜெயராஜதேவி இறந்தபின் இந்திராதேவி பட்டத்தரசியானாள். தங்கையின் காத்திருப்பை வடமொழிச் செய்யுளில் பாடிக் கல்லில் பதித்தவள் அந்த அக்காள்தான். அரசர்களின் போரை மட்டுமே பேசும் கல்வெட்டுகள் ஏராளம். ஒரு பெண்ணின் பிரிவுத் துயரை இன்னொரு பெண் எழுதி நிறுத்திய கல்வெட்டு உலகத்தில் எத்தனை இருக்கும்? ஜெயராஜதேவி என்று கருதப்படும், மண்டியிட்ட நிலையிலான சிலை ஒன்று இன்று பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த ஜெயவர்மன் தன் தாய்க்காக 1186-ல் எழுப்பியது தா ப்ரோம். ராட்சத வேர்கள் மதிலைத் தழுவி இறங்கும் இந்தக் கோயிலைத் தாங்கிப்பிடித்துச் சீரமைக்கும் பணியில் நம் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்குண்டு. நாடு முழுவதும் 102 மருத்துவச் சாலைகள் இருந்ததை இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

அங்கோர் வாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். சுமார் 190 மீட்டர் அகல அகழியைக் கடந்து, இருட்டிலேயே குளக்கரை போய்ச் சேர்ந்தோம். கோயில் மேற்கு பார்த்தது, ஆகவே சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுகிறது. சாம்பல் நிறம் ஊதாவாகி, ஊதா செம்மையாகி, ஐந்து கோபுரங்களும் தண்ணீரில் தலைகீழாக விழுந்தன. உள்ளே ஏறத்தாழ ஐம்பது மீட்டர் நீளச் சுவரில் தேவரும் அசுரரும் பாற்கடல் கடைகிறார்கள். இதைக் கட்டத் தொடங்கிய இரண்டாம் சூரியவர்மன் 1113-ல் அரியணை ஏறியவன். காம்போஜ (கம்போடிய) அரசன் குலோத்துங்க சோழனுக்கு அளித்த கல்லொன்று தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்டதைச் சிதம்பரத்து 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. இரு நாட்டுக்கும் இடையே இருந்த நட்புக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். மூன்று நாள் நுழைவுச் சீட்டு 62 டாலர். அந்த நாட்களைத் தொடர்ச்சியாகச் செலவிட வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை இல்லாவிட்டால் அங்கோர் வாட்டின் மேல்தளத்துக்கு விடமாட்டார்கள். ஒரு டுக்டுக்கை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். சோறு, காய்கறி, தேங்காய்ப்பால் குழம்பு எங்கும் கிடைக்கும்.

கல்யாண நாளுக்குக் கடற்கரையும் மெழுகுவத்தி விருந்தும் இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அணைப்பு, வேட்கை, பிரிவு, காத்திருப்பு என்று இல்லறத்தின் எல்லா நிலைகளையும் ஆயிரம் ஆண்டாகக் கல்லில் வைத்துக்கொண்டிருக்கும் ஊர், கணவன் மனைவியைப் பேச வைக்கிறது. நாங்கள் பல ஆண்டுகளாகப் பேசாமல் விட்டவற்றை எல்லாம் அங்கே பேசினோம். நீங்களும் உங்கள் துணையோடு ஒருமுறை போய் வாருங்கள். புறப்படும் முன் காரைக்கால் அம்மையார் வரலாற்றை இருவரும் சேர்ந்து படித்துவிடுங்கள். பாந்தே ஸ்ரே வாசலில் வழிகாட்டியின் துணையில்லாமலே அவரை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.