பெல் அடிக்காத கிளாஸ்!

உங்க காலேஜ்ல ஐ.வி. போயிருக்கீங்களா? அதாங்க... இண்டஸ்ட்ரியல் விசிட்! பஸ் ஏறின நிமிஷத்துல இருந்து குத்துப்பாட்டு, ஊட்டியில ரெண்டு நாள் ஆட்டம், நடுவுல அரை மணி நேரம் ஏதோ ஒரு ஃபேக்டரி வாசல்ல குரூப் போட்டோ. திரும்பி வந்ததும் சீனியர் அண்ணன் எழுதின ரிப்போர்ட்டை அப்படியே காப்பி அடிச்சு சப்மிட். நானும் அந்த வம்சம்தான். சிவில், மூணாவது வருஷம். அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு, 'ஸ்கூலுக்கே போகாத பசங்க டூர் போறாங்களாம். கூடப் போய் எழுதிட்டு வாப்பா'னு அனுப்பி வெச்சாங்க ஆபீஸ்ல.

ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை. சென்னையைச் சேர்ந்த மூணு குடும்பம், ஆறு வாண்டுகள், ஒரு வாடகை வேன். இந்த ஆறு பேருக்கும் அப்பா, அம்மாதான் டீச்சர்ஸ். வீட்டிலேயே பாடம். ஹோம் ஸ்கூலிங்! ஆனா, வாரத்துல ஒரு நாள் வீட்டையும் பூட்டிட்டு எங்காவது கிளம்பிடுறாங்க. அன்னிக்கு வேடந்தாங்கல். லீவு நாள்ல போனா அங்கே பறவையைவிட மனுஷத் தலை அதிகம். வார நாள்ல போக முடியுறது இவங்களோட முதல் லாபம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்ரோட்டில் வலது பக்கம் திரும்பணும். வேன்ல பாட்டு இல்லை. ஆனா, சண்டை இருந்தது. பைனாகுலர் மூணு, பசங்க ஆறு. கணக்குப் போட்டுக்கோங்க!

ஏரிக்கரையில ஏறி நின்னதும் எனக்கு முதல்ல தெரிஞ்சது நாத்தம்தான். மறைக்க வேணாம், எச்ச நாத்தம். தண்ணிக்குள்ள நிக்கிற நீர்க்கடம்பு மரங்கள் ஒவ்வொண்ணும் ஒரு அபார்ட்மென்ட் மாதிரி இருக்கு. மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம்னு ஃப்ளோருக்கு ஒரு குடித்தனம். சுத்தி தண்ணி இருக்கிறதால பூனை, நரி எதுவும் கூடு வரைக்கும் வர முடியாது.

"எல்லாம் ஃபாரின்ல இருந்து வந்திருக்கு, இல்ல?"னு நான் என் ஜெனரல் நாலெட்ஜை அவிழ்த்து விட்டேன். பத்து வயசுப் பொண்ணு ஒருத்தி என்னைப் பாவமாப் பார்த்தா. "இல்லண்ணா. கூடு கட்டியிருக்கிற பெரிய பறவை எல்லாம் நம்ம நாட்டுதுதான். ஊசிவால் வாத்து மாதிரி சிலதுதான் வடக்கே ரொம்ப தூரத்துல இருந்து வரும். அதுங்க இங்கே கூடு கட்டாது, குளிர் காஞ்சுட்டுப் போயிடும்." நான் மெதுவா அந்தப் பக்கம் நகர்ந்துட்டேன்.

குட்டிப் பையன் ஒருத்தன், "அந்த நாரைக்கு மூக்கு உடைஞ்சுபோச்சு"னு அழாத குறை. நத்தை குத்தி நாரை அது. அலகு ரெண்டும் நடுவுல ஒட்டாம சந்து விட்டிருக்கும். நத்தையைப் பிடிச்சுத் தின்ன அந்த அமைப்பு உதவுது. யாரும் உடனே விளக்கம் சொல்லலை. "குஞ்சுக்கும் உடைஞ்சிருக்கானு பாரு"னு மட்டும் சொன்னாங்க அவன் அம்மா. பைனாகுலரை வாங்கினவன் இருபது நிமிஷம் அசையலை. அப்புறம் ஒரே கத்தல்... "குஞ்சுக்கு உடையலை!" ஆமாங்க, வளர வளரத்தான் அந்தச் சந்து விழும். அந்த இருபது நிமிஷத்தை எந்த டைம்டேபிள்ல போடுவீங்க, சொல்லுங்க?

அப்புறம்தான் அன்னிக்கு ஹைலைட். அந்தப் பத்து வயசுப் பொண்ணு கேட்டா, "இவ்ளோ பறவைக்கு இந்த ஏரி மீன் எப்படிப் போதும்?" ஏரியே மொத்தம் முப்பது ஹெக்டேர் சொச்சம்தான். அப்பாக்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. கடைசியில சாயங்காலம் நாலு மணிக்கு, கரையில ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்து நோட்டும் பென்சிலுமா உட்கார்ந்தாங்க. எந்தப் பக்கம் இருந்து பறவை வந்தாலும் ஒரு கோடு. அஞ்சு கோடு சேர்ந்தா ஒரு கட்டு. எனக்கும் ஒரு திசை கொடுத்தாங்க. சும்மா சொல்லக் கூடாது, ஐ.வி.யில இல்லாத டென்ஷன்!

அஞ்சரை மணிக்கு ஒரு மேப்பை விரிச்சு எல்லா நோட்டையும் சேர்த்தா, எல்லாத் திசையிலயும் கோடு. தென்கிழக்கே மதுராந்தகம் ஏரி, வடக்கே கரிக்கிலி, நடுவுல பேர் தெரியாத எத்தனையோ ஏரி, குளம், வயல். அதாவது, இங்கே இருக்கிறது வீடு மட்டும்தான். பெரும்பாலான பறவைங்களுக்குச் சாப்பாடு வெளியே! வேடந்தாங்கலைச் சுத்தி எவ்வளவு உசரமா வேலி போட்டாலும், பக்கத்து ஏரிகளைத் தூர்த்து பிளாட் போட்டா இந்த மரமெல்லாம் காலிதான். அப்படி பிளாட் போடுற கும்பல்ல நாளைக்கு ஒரு சைட் இன்ஜினீயரா நானே நிக்கலாம்ங்கிறது அப்பத்தான் உறைச்சது.

கரைக்குக் கீழே வயல்ல நின்ன பெரியவர் ஒருத்தர், "எச்சம் கலந்த தண்ணி தம்பி. யூரியா கம்மியாப் போட்டாலே போதும்"னார். இந்த ஊர்க்காரங்க பறவையைக் காப்பாத்துறது இன்னிக்கு நேத்து கதை இல்லை. வெள்ளைக்காரங்க சுட்டுத் தள்ளினப்போ கலெக்டர்கிட்ட போய் முறையிட்டு, 1798-லயே பாதுகாப்புக்குக் கவுல் வாங்கினவங்க. சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்னு ராம்சர் பட்டியல்ல சேர்ந்தது 2022-ல!

உடனே 'ஹோம் ஸ்கூலிங்தான் பெஸ்ட்'னு நான் கொடி பிடிப்பேன்னு நினைக்காதீங்க. வேன்ல திரும்பறதுக்கு முன்னாடி ஒரு அம்மாகிட்ட மனசுல பட்டதைக் கேட்டுட்டேன். "எங்க அம்மா தையல் மிஷின் மிதிச்சாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும் ஆன்ட்டி. அவங்க என்னை வீட்ல வெச்சுச் சொல்லிக் கொடுத்திருக்க முடியுமா?" அவங்க மழுப்பலை. "முடியாதுப்பா. நான் வேலையை விட்டேன், ஒரு சம்பளத்துல ஓட்டுறோம். அதுவே எல்லாராலயும் முடியாது. மாமியார் இன்னும் என்கூட சரியாப் பேசறதில்லை"னு சிரிச்சாங்க. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினாலு வயசு வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வினு சொல்லுது. வீட்டுப் பள்ளி பத்தி அதுல தனியா ஒண்ணும் இல்லை. பதினாலு வயசு ஆனதும் என்.ஐ.ஓ.எஸ். மூலமா பத்தாவது எழுதலாம். அந்தத் தைரியத்துலதான் வண்டி ஓடுது. "ராத்திரியில பயமா இருக்கும்"னும் சொன்னாங்க. அதை எழுதலாமானு கேட்டேன். எழுதச் சொன்னாங்க.

அவங்க பையன்தான் அந்தக் கூட்டத்துலயே மூத்தவன். அடுத்த வருஷம் பரீட்சை. கரையில என் பக்கத்துல வந்து நின்னான்.

"அண்ணா, சிவில் படிச்சா இப்படி ஏரிக்கெல்லாம் கூட்டிட்டுப் போவாங்களா?"

போன செமஸ்டர்ல ஏரியோட குறுக்குவெட்டுப் படம் போட்டு பாகங்களைக் குறிக்கச் சொல்லி 13 மார்க் கேள்வி. கரை, மதகு, கலங்கல் எல்லாம் ஸ்கேல் வெச்சு வரைஞ்சு சூப்பர் மார்க் வாங்கினவன் நான். ஆனா, மத்தியானத்துல இருந்து அதே கரையில நடந்தும் மதகு எதுன்னு நான் பார்க்கவே இல்லை.

"இதுவரைக்கும் கூட்டிட்டுப் போகலைடா"னு சொன்னேன். "இங்கே மதகு எங்கே இருக்குனு உனக்குத் தெரியுமா?"

"வரும்போதே பார்த்தேனே... வாங்க காட்டுறேன்!"

வேன்காரர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தார். இருட்டுறதுக்குள்ள பார்த்துடணும்னு ரெண்டு பேரும் கரை மேல ஓடினோம்.