டிஸ்க்கில் பூஜ்யம் பைட்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்று ஓடிவிடாதீர்கள். இது நம் பாம்பன் மாமாவைப் பற்றியது. உறவுக்காரர்கள் கடைசி வரைக்கும் படிக்க வேண்டும், ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் இரண்டு சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவேன். அவர் கடல் சொற்களைச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி, ராத்திரி வீட்டுக் கம்ப்யூட்டரில் நோட்பேடில் ஏற்றுவேன். ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பு. கச்சான் என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று, கொண்டல் கிழக்கு, வாடை வடக்கு, சோளகம் தெற்கு. நீவாடு என்றால் நீரோட்டம். வடக்கே அமைதியாகக் கிடப்பது பெண் கடல், தெற்கே சீறுவது ஆண் கடல். இப்படி இரண்டு மூன்று வரி, அவ்வளவுதான். ஆரம்பத்தில் ‘ஆன்சி’ என்ற முறையில் சேமித்துவிட்டு மறுநாள் திறந்தால் கச்சான் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்! அதன் பிறகுதான் யுடிஎஃப்-8 என்று தேர்வு செய்யக் கற்றுக்கொண்டேன்.

மொத்தம் 380 கோப்புகள் சேர்ந்தன. என் தங்கை மகன் பார்த்துவிட்டு, “ஏன் பெரியம்மா, எல்லாத்தையும் ஒரே கோப்பா ஒட்டிட வேண்டியதுதானே?” என்றான். சோம்பல், செய்யவில்லை.

அந்த நாட்களில் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. ஒரு கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி விவரம் பார்த்தால், அளவு 412 பைட் என்று இருக்கும். அதற்குக் கீழே ‘டிஸ்க்கில் எடுக்கும் இடம்: 0 பைட்’. எழுதியது இருக்கிறது, இடம் பூஜ்யமா? சரி, கம்ப்யூட்டர் உளறுகிறது என்று விட்டுவிட்டேன்.

மாமா 2019-இல் போய்ச் சேர்ந்தார். போன வருஷம் ஹார்டு டிஸ்க்கும் போயிற்று. மின்சாரமா, நம் ஊர் உப்புக்காற்றா தெரியவில்லை. கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, “ஒண்ணும் தேறாதுங்க” என்று திருப்பிக் கொடுத்தார். நகல் எடுத்து வைத்தாயா என்று கேட்காதீர்கள். உங்களை எல்லாம் ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக வைக்கவில்லை என்று திட்டியவள்தான் நான்.

பிறகு நம் பள்ளி மாணவன் ஒருவனிடம் கொடுத்தேன். பெயர் போட வேண்டாம் என்றிருக்கிறான். பிளஸ் டூவில் வாங்கிய அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக்கில் உருவானது. நீங்களெல்லாம் அந்தப் பக்கமே போகவில்லை. இவன் அதில்தான் கற்றுக்கொண்டான். கெட்டுப்போன இடங்களைத் தாண்டித் தாண்டிப் படிக்கும் ஒரு கருவியை ஓட்டி, ஒரு வாரம் கழித்துப் போன் செய்தான்.

“டீச்சர், போட்டோ நிறைய போயிருச்சு. ஆனா உங்க குட்டிக் கோப்பெல்லாம் பதிவேட்டுக்குள்ளேயே இருக்கு.”

என்ன பதிவேடு? அவன் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். ஆபீஸில் மாணவர் சேர்க்கைப் பதிவேடு இருக்குமே, ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். சின்னச் செய்தி என்றால் அந்தக் கட்டத்திலேயே எழுதிவிடுவோம். பெரிது என்றால் தனிக் கோப்பு போட்டு, கட்டத்தில் கோப்பு எண்ணை மட்டும் குறிப்போம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பும் அப்படித்தான். ஒவ்வொரு கோப்புக்கும் பதிவேட்டில் சாதாரணமாக 1024 பைட் இடம். பெயர், தேதி எல்லாம் போக 700 பைட் அளவுக்கு மிஞ்சும். எழுதியது அதற்குள் அடங்கினால் அங்கேயே வைத்துவிடும், வெளியே தனி இடம் தராது. அதுதான் அந்தப் பூஜ்யம். தமிழில் ஓர் எழுத்துக் குறிக்கு யுடிஎஃப்-8-இல் 3 பைட். ‘கடல்’ என்று எழுதினால் புள்ளியையும் சேர்த்து 12. ஆக 700 பைட் என்பது ஏறக்குறைய 25 சொல், என் மூன்று வரி. டிஸ்க்கில் பதிவேடு இருந்த பகுதி நன்றாக இருந்தது. லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பிலும் 2013 முதல் இதுபோல ஒரு வசதி உண்டாம், ஆனால் இடம் இதைவிடக் குறைவு, நாமாகத்தான் இயக்க வேண்டும்.

விடுவேனா? “சரி தம்பி, திறக்கும்போது என்ன நடக்கிறது?” என்றேன். கோப்பு எவ்வளவு சின்னதானாலும் நினைவகத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குமாம். பக்கம் என்பது பெரும்பாலும் 4096 பைட். பதிவேட்டில் இருக்கும் 412 பைட்டை அதன் தலைப்பில் நகலெடுத்துவிட்டு, மீதி 3684 பைட்டையும் பூஜ்யத்தால் நிரப்பும். ஏன் நிரப்ப வேண்டும்? ஒன்றாம் வகுப்புச் சிலேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ‘அ’ மட்டும் எழுதப் போகிற பிள்ளைக்கும் முழுச் சிலேட்டுதான். கோவை இலை வைத்து நன்றாகத் துடைத்துக் கொடுக்காவிட்டால் முந்தின பிள்ளை போட்ட கணக்கு ஓரத்தில் தெரியும். நினைவகப் பக்கமும் கை மாறி வருவதுதான். அதில் முன்பு இருந்தது யாருடைய கடவுச்சொல்லோ! துடைக்காமல் கொடுத்தால் நம் கண்ணில் பட்டுவிடும். ஒரு தடவை ஏற்றிய பக்கத்தை, இடம் தேவைப்படும் வரை கலைக்காமல் வைத்திருக்கும். அதனால்தான் இரண்டாம் தடவை திறந்தால் சட்டென்று வருகிறது. 380 சொல்லையும் திறந்தால் 380 பக்கம், கிட்டத்தட்ட ஒன்றரை எம்பி. எழுத்து என்னவோ அதில் பத்தில் ஒரு பங்குதான்.

மூன்று வரிக் கோப்புகள் எல்லாம் வந்துவிட்டன. நீளமாக எழுதியவற்றில் சில வந்தன, சில வரவில்லை. வராததில் ஒன்று ‘புயல்’.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் என்ன பார்த்தார் என்று மாமா நான்கு சாயங்காலம் சொன்னது. “பெண் கடல்னு நம்பிறாத தாயீ” என்றுதான் ஆரம்பிப்பார். நாற்பது கேபி வரும். பதிவேட்டுக்குள் அடங்காமல் வெளியே வைத்த இடம் கெட்டுவிட்டது. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவு கூட இருக்கிறது. திறந்தால் வெறும் வெள்ளை. நோட்டையும் வீடு மாறும்போது தொலைத்துவிட்டேன்.

ராத்திரி நடந்தது எனக்கு ஓரளவு நினைவிருக்கிறது. விடிந்த பிறகு யார் கூட நடந்தார், எங்கே தண்ணீர் கிடைத்தது, பாம்பனுக்கு எத்தனையாம் நாள் வந்தார் என்பதுதான் குழம்புகிறது. தங்கச்சிமடம் அத்தை வீட்டுப் பிள்ளைகள், மண்டபத்துச் சின்ன மாமா, மாமா வாயால் கேட்ட யாராக இருந்தாலும் நினைவில் இருப்பதை இங்கேயே கீழே எழுதுங்கள். தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவாக அனுப்புங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். இந்தத் தடவை இரண்டு பென் டிரைவ் வாங்கி வைத்திருக்கிறேன்.