ஆள் அனுப்பும் தொழிலும் அமானிதமும்



எங்கள் சகோதரியின் மகன் அண்மையில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் தொழிலில் தாமும் இறங்க விரும்புவதாகவும், அதற்கான உரிமத்திற்கு விண்ணப்பிக்கப் போவதாகவும் சொல்லிவிட்டு, "மாமா, முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பெரிதாக விளம்பரம் செய்து தொடங்கட்டுமா, அல்லது நீங்கள் செய்வதுபோல் ஒவ்வொரு கம்பெனியாகத் தேடிப் போகட்டுமா?" என்றார். சகோதரர்களாகிய நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இக்கேள்விக்கான விடையை ஓர் ஏழைத் தாயின் கண்ணீர் வழியாகவே நாங்கள் கற்றிருந்தோம். மருமகனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம். நம் குடும்பங்களில் சபுர் போகாத வீடு அரிது என்பதால், இது எங்கள் தொழிலைப் பற்றிய செய்தி மட்டுமன்று.

சென்னை மண்ணடியில் எங்கள் அத்தா தொடங்கிய சிறிய அலுவலகத்தை நாங்கள் நடத்தி வருகிறோம். அத்தா காலத்தில் விளம்பரம் என்பது நாளிதழில் நான்கு வரி. அதற்கு முன்பாக அவர் தம்மாமிலோ ஜுபைலிலோ ஒப்பந்த நிறுவனங்களின் வரவேற்பறைகளில் மணிக்கணக்கில் காத்திருந்து, மேலாளரைக் கண்டு பேசி, தொழிலில் டிமாண்ட் லெட்டர் என்று சொல்லப்படும் ஆள்கோரும் கடிதத்தையும் அதிகாரப் பத்திரத்தையும் கையில் வாங்கியிருப்பார். "கம்பெனி வாசலை மிதிக்காமல் ஒருவனுடைய பாஸ்போர்ட்டை வாங்காதீர்கள்" என்பது அவர் எங்களுக்குச் சொல்லிவந்த அறிவுரை.

அவர் வஃபாத்தான பிறகு காலம் மாறியது. முகநூலில் ஒரு பதிவு இட்டால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சுயவிவரங்கள் வந்து குவிந்தன. தம்மாமுக்கு விமானச் செலவு இல்லை. வரவேற்பறையில் காத்திருக்க வேண்டியதில்லை. இதுவே முன்னேற்றம் என்று நாங்கள் நம்பினோம். நாளடைவில் இத்தொழிலில் பலர் செய்யும் ஒரு வழக்கத்திற்கு நாங்களும் பழகிப்போனோம். வேலை கைக்கு வருமுன்பே விளம்பரம் செய்வது, வந்து சேரும் சுயவிவரங்களைக் காட்டி, "எங்களிடம் ஆள் தயார்" என்று பின்னர் நிறுவனங்களிடம் பேசுவது என்பதே அவ்வழக்கம். அது பொய் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. வேலை எப்படியும் வந்துவிடும், இன்ஷா அல்லாஹ், என்று சொல்லிக்கொண்டோம். இறைவன் பெயரை எங்கள் அவசரத்திற்குத் துணைக்கு அழைத்தோம் என்பதே உண்மை.

அப்படி ஒரு நாள், இடைத்தரகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை நம்பி, சவூதியில் கட்டுமானப் பணிக்குக் கொத்தனார், கம்பி கட்டுபவர், பலகை அடிக்கும் தச்சர் ஆகியோர் அவசரமாகத் தேவை என்று எங்கள் பெயரும் உரிம எண்ணும் பொறித்த விளம்பரம் ஒன்றை வெளியிட்டோம். மூன்று வாரங்கள் கழித்துத் தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். "தம்பி, பையனுக்கு விசா எப்ப வரும்?" என்று கேட்டுக் கைப்பேசியை நீட்டினார். அதில் இருந்தது எங்கள் விளம்பரமே. தொலைபேசி எண் மட்டும் வேறு. யாரோ அதை எடுத்து, எண்ணை மாற்றிப் பரப்பியிருக்கிறார்கள். அந்த எண்ணில் பேசியவனுக்கு அவர் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார். மகளின் காதணியை அடகு வைத்த பணம் அது.

அவர் முன்னிலையிலேயே, விளம்பரத்தில் குறிப்பிட்டிருந்த அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிற்குத் தொலைபேசியில் பேசினோம். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவ்வாண்டு இந்தியாவிலிருந்து ஆள் எடுக்கும் திட்டமே தங்களுக்கு இல்லை என்றார். அழைப்பு நான்கு நிமிடங்கூட நீடிக்கவில்லை. விளம்பரம் வெளியிடும் முன் அந்த நான்கு நிமிடங்களை நாங்கள் செலவிட்டிருந்தால், திருடுவதற்கு அவனுக்கு ஒரு விளம்பரம் இருந்திருக்காது. அவன் மாற்றியது எண்ணை மட்டுமே. இல்லாத வேலையை இருப்பதாகச் சொன்னவர்கள் நாங்கள்.

அந்தத் தாயை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்திற்குச் சென்றோம். இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் உதவி எண்ணிலும் புகார் பதிவாயிற்று. நாட்கள் கடந்திருந்ததால் பணம் கிடைக்கவில்லை. அதன் பின்னர் எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. சட்டப்படி நாம் பொறுப்பல்ல, இன்று ஒருவருக்குக் கொடுத்தால் நாளை பத்துப் பேர் வருவார்கள் என்றார் எங்களில் இளையவர். மூத்தவருக்கும் அதை மறுக்கத் தெரியவில்லை. இரண்டு நாட்கள் இப்படியே கழிந்தன. மூன்றாம் நாள் இரவு உணவின்போது எங்கள் உம்மா, "அந்தப் பிள்ளை உங்க அத்தா பேரைப் பார்த்துத்தானே நம்புச்சு?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அந்தத் தொகையை நாங்கள் கொடுத்துவிட்டோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொடுத்த பிறகும் எங்கள் மனம் முழுமையாக அமைதி அடையவில்லை.

அந்நாட்களில் நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சி எங்கள் நினைவுக்கு வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி அது. மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். எங்கள் விளம்பரமும் மேலே உலர்ந்த குவியல்தான். உள்ளே கைவிட்டுப் பார்க்க நாங்களே முயலவில்லை.

அத்தாவின் வழிக்குத் திரும்பினோம். வளைகுடாவில் எந்தெந்தத் திட்டங்களின் ஒப்பந்தம் யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று செய்திகளில் தேடினோம். அந்நிறுவனங்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினோம், தொலைபேசியில் பேசினோம். அறுபது நிறுவனங்களுக்கு எழுதியதில் ஏழு பேர் பதில் தந்தனர். இருவர் நேரில் சந்திக்க இசைந்தனர். ஒருவர் பன்னிரண்டு ஆட்கள் கேட்டார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுயவிவரங்களைக் கண்டு பழகிய எங்களுக்கு அந்தப் பன்னிரண்டு மிகச் சிறியதாகவே தோன்றியது. ஆனால் அந்த நிறுவனத்தின் தொழிலாளர் குடியிருப்பை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஓர் அறையில் எத்தனை கட்டில்கள், சமையற்கூடம் எப்படி, தொழுகைக்கு இடம் உண்டா என்று பார்த்த பின்னரே கையெழுத்திட்டோம்.

அப்போதுதான் இத்தொழிலின் கணக்கு எங்களுக்குத் தெளிவாகப் புரிந்தது. விசா பல இடைத்தரகர்களின் கை மாறி வரும்போது ஒவ்வொரு கையும் ஒரு விலை வைக்கிறது. அத்தனை விலையும் கடைசியில் தொழிலாளியின் தலையில் விழுகிறது. கடன் வாங்கிக் கொடுத்தவர் முதல் ஓராண்டு அக்கடனுக்காகவே உழைக்கிறார். நிறுவனத்திடம் நேரடியாகப் பேசினால், ஆளெடுக்கும் செலவை ஏற்க வேண்டியவர் முதலாளியே என்பதை எடுத்துச் சொல்ல முடிகிறது. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, ஆளெடுப்புக் கட்டணம், இகாமா, பணி அனுமதி ஆகியவற்றின் செலவை முதலாளியின் மீதே சுமத்துகிறது. நம் நாட்டிலோ, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற முகவர் தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே சேவைக் கட்டணமாகப் பெறலாம். துணை முகவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் எங்கள் கட்டணத்தை நிறுவனமே செலுத்தியது. அவர்கள் கடன் இன்றி விமானம் ஏறினார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

திருக்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் வேலைக்கு அமர்ந்த வரலாற்றை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். இம்முறை அதை எங்கள் தொழிலின் கண்கொண்டு ஓதினோம். வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் என்று தந்தையிடம் எடுத்துச் சொன்ன அப்பெண், மூஸா (அலை) அவர்கள் தங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததை நேரில் கண்டவர். தந்தையும் அவரை அழைத்து, முகத்துக்கு முகம் பேசி, எட்டு ஆண்டுகள் என்ற தவணையைச் சொல்லி, பத்தாக்குவது அவர் விருப்பம் என்றும், அவருக்குச் சிரமம் கொடுக்க விரும்பவில்லை என்றும் தெளிவாக்கினார். வேலை கொடுப்பவர், வேலை செய்பவர், இருவரையும் இணைத்தவர் ஆகிய மூவருமே ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். எங்கள் தொழிலுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை.

அப்படியானால் சமூக ஊடகம் வேண்டவே வேண்டாமா என்று மருமகன் கேட்டார். அப்படி நாங்கள் சொல்லவில்லை. இன்றும் எங்களுக்கு முகநூல் பக்கம் உண்டு. ஆனால் வரிசை மாறிவிட்டது. முதலில் நிறுவனம், பிறகு கையெழுத்திட்ட கடிதம், அதன் பிறகே பதிவு. பதிவிலும் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், ஒப்பந்தக் காலம் ஆகிய அனைத்தையும் எழுதுகிறோம். "தொலைபேசியிலோ இணையத்திலோ யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்" என்பதே முதல் வரி. இடங்கள் நிரம்பிய அன்றே பதிவை நீக்கிவிடுகிறோம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துத் தொழிலை அளப்பதில்லை. முதல் ஒப்பந்தம் முடிந்து எத்தனை பேர் அதே நிறுவனத்திற்குத் திரும்பச் செல்கிறார்கள் என்பதையே பார்க்கிறோம்.

வருமானம் குறைந்ததை மறைக்க விரும்பவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் மிகக் கடினமாக இருந்தன. அலுவலகத்தின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டோம். இப்போதும் நாங்கள் அனுப்பும் எண்ணிக்கை முன்பைவிடக் குறைவுதான். ஆனால் அங்கிருந்து நள்ளிரவில் அழைப்பு வந்தால் யாரிடம் பேச வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். அந்த மேலாளருக்கும் எங்கள் முகம் தெரியும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசியில் வேலை விளம்பரம் வந்தால், அதிலுள்ள எண்ணை அழைக்கும் முன், அரசின் இ-மைகிரேட் தளத்தில் அந்த முகவரின் பெயரையும் முகவரியையும் பாருங்கள். அலுவலகத்திற்கு நேரில் செல்லுங்கள். நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டும்படி கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். காட்டுவதற்குத் தயங்கும் முகவரை நம்ப வேண்டாம். 2022இல் சமூக ஊடக விளம்பரங்களை நம்பித் தாய்லாந்துக்குக் கணினி வேலை என்று சென்ற நம் நாட்டு இளைஞர்கள் மியான்மரில் சிறைப்பட்டு, இணைய மோசடி வேலைகளில் கட்டாயப்படுத்தப்பட்டதையும், அவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்ததையும் நாம் மறந்துவிடக் கூடாது.

அந்தத் தஞ்சைத் தாயின் மகன் எங்கள் வழியாக வெளிநாடு செல்லவில்லை. ஊரிலேயே கொத்து வேலை செய்கிறார். ரமலானில் அவருடைய தாய் எங்கள் உம்மாவுக்குத் தொலைபேசி செய்து நலம் விசாரிப்பார். எங்களை மன்னித்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்கும் துணிவும் எங்களுக்கு வந்ததில்லை. அவருக்காக துஆச் செய்கிறோம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மருமகன், "முதலில் எந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதட்டும் மாமா?" என்றார். எங்களுக்கு அன்று பதில் தராமல் போன ஐம்பத்து மூன்று நிறுவனங்களின் பட்டியலை எடுத்து அவரிடம் கொடுத்தோம்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்படும் ஒவ்வொருவரையும் அமானிதமாகக் கருதிக் காக்கும் மனத்தையும், ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.