பூனைக்கண்

நானுஓயாவில் நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி, தன் ஒன்றரை வயதுத் தம்பியின் கண் விளக்கொளியில் பூனைக்கண்போல் வெண்மையாக மின்னுவதாகப் பெருமையோடு கூறினாள். லயத்தில் அதனை அதிர்ஷ்டம் என்றார்களாம். நாமும் புன்னகைத்துவிட்டு வகுப்பைத் தொடர்ந்தோம். அப்புன்னகை இன்றும் நம்மைச் சுடுகிறது.

அது விழித்திரைப் புற்றுநோய். 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தையைப் பற்றுவது. கண்மணியில் வெள்ளொளி, புதிதாய்த் தோன்றும் மாறுகண் ஆகியவையே முதல் அறிகுறிகள். காலத்தே கண்டால் மருந்தாலும் லேசராலும் பெரும்பாலும் கண்ணையே காக்கலாம். பிந்தினால் உயிரைக் காக்கக் கண்ணை அகற்ற வேண்டும். மேலும் பிந்தினால் உயிரும் போகும். இதற்குக் காரணமான மரபணு 1986இல் இனங்காணப்பட்டது. அக்குறை பரம்பரையாயும் வருமாதலால் உடன்பிறந்தாரையும் சோதிக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்தே அத்தாய் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையை அடைந்தாள். ஒரு கண் போயிற்று, பிள்ளை பிழைத்தான். அரசாங்க வைத்தியம் இலவசந்தான். ஆனால் கொழுந்து பறிக்காத நாளுக்குப் பேர் இல்லையே! பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு செல்லும் நாளுக்கும் சம்பளம் வேண்டும் என்று கேட்பது தொழிற்சங்கத்தின் கடமை. பிள்ளைக்காம்பராவில் ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் உற்று நோக்கச் சொல்வது ஆசிரியராகிய நமது கடமை.