இலையைக் காணாத பூ

செப்டம்பரில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் ஈரப் புல்வெளிகளில், புல் அறுப்பு முடிந்த வெறுந்தரையிலிருந்து வெளிர் ஊதாப் பூக்கள் நேரே எழுந்து நிற்கும். அருகில் ஓர் இலைகூட இராது. கோல்ச்சிக்கம் ஆட்டம்னேலி என்பது அச்செடியின் தாவரவியற் பெயர். கருங்கடலின் கிழக்குக் கரையில் இருந்த கோல்கிஸ் நாட்டின் பெயரை அது தாங்கியிருக்கிறது; கிரேக்கத் தொன்மத்தில் நஞ்சுக்கலையில் வல்லவளான மெடியாவின் நாடு அது. இதற்கு வழங்கிய பழைய இலத்தீன் பெயர்களுள் ஒன்று, 'தந்தைக்கு முன் வந்த மகன்' எனப் பொருள்படும். வசந்தத்தில் காய், இலையுதிர்காலத்தில் பூ. காயை முதலில் கண்டவருக்கு வேறென்ன தோன்றும்?

உண்மையில் முறை எதுவும் பிறழவில்லை. பூவின் காம்பு என்று கண்ணுக்குத் தோன்றுவது காம்பன்று; இதழ்களின் அடிப்பகுதி ஒன்றிணைந்து நீண்ட குழல். அது மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கருகே முடிகிறது. சூலகம் அங்கேதான், உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்கிறது. மகரந்தம் சூலை அடைய அவ்வளவு தொலைவும் கீழிறங்க வேண்டும். கருவுற்ற சூலகம் குளிர்காலம் முழுதும் மண்ணுக்குள் தங்கி, அடுத்த வசந்தத்தில் இலைகளின் நடுவே காயாக மேலே வருகிறது. கோடையில் இலை கருகி விதை சிதறியபின், அங்கே ஒரு செடி இருப்பதற்கான அடையாளமே மிஞ்சாது.

பழைய தாவரவியல் நூல்களின் வண்ணப் படங்கள் இச்செடியைக் காட்டும் விதம் கவனிக்கத்தக்கது. பூ, இலை, காய், கிழங்கு நான்கும் ஒரே தாளில் அருகருகே நிற்கும். அடையாளம் காண அது தேவைதான். ஆயினும் பூவும் இலையும் அவ்வாறு சேர்ந்து நிற்கும் காட்சியைப் புல்வெளியில் காண இயலாது. உலர்தாவரத் தொகுப்புக்கு முழு மாதிரி வேண்டுமெனில் ஒரே இடத்துக்கு ஆண்டில் இருமுறை செல்ல வேண்டும். களப்பயணத்துக்கு ஒருமுறைதான் நிதி கிடைக்கும் என்பது வேறு கதை.

இருமுறை காணாதவர் உயிரையும் இழக்கக்கூடும். வசந்தத்தில் காட்டுப்பூண்டின் இலையைப் பறித்துச் சூப்புக்கும் துவையலுக்கும் பயன்படுத்துவது மத்திய ஐரோப்பியரின் வழக்கம். அதே நாட்களில்தான் கோல்ச்சிக்கத்தின் இலையும் எழுகிறது. செப்டம்பரில் பூவைக் கண்டு மகிழ்ந்தவருக்கும் ஏப்ரலில் அதன் இலை அந்நியமே. கசக்கி முகர்ந்து பார்க்கச் சொல்வது பொதுவான அறிவுரை. ஆனால் பத்து இலை பறித்த விரல்களில் பூண்டு மணம் ஏறிவிடும். பதினோராவது இலை எதுவாயினும் பூண்டாகவே மணக்கும். உண்டபின் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு. அடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜையும் இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். எளிதில் கிடைக்கும் முறிமருந்து இல்லை. எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை, இறப்புகளும் நின்றபாடில்லை.

1820இல் பெல்லெத்தியேவும் கவாந்துவும் இச்செடியிலிருந்து பிரித்தெடுத்த அந்த நஞ்சே கோல்ச்சிசின். உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் அது தடுக்கிறது. கவுட் எனும் மூட்டு நோய்க்கு மிகச் சிறிய அளவில் அதுவே மருந்து. 1937இல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் அதைக் கொண்டு தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் காட்டினர். பயிர்ப்பெருக்க ஆய்வகங்களுக்குள் அது நுழைந்த வழி அதுதான். தமிழகத்தில் விதைக்காகப் பயிரிடப்படும் செங்காந்தளும் இதே குடும்பம், அதே நஞ்சு. ஆனால் காந்தள் இலையையும் பூவையும் ஒருசேரக் காட்டும் கொடி. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். அதில் ஆளை ஏமாற்றுவது கிழங்கு மட்டுமே.

ஐரோப்பிய உழவர் கோல்ச்சிக்கத்தை வெறுப்பதில் நியாயம் உண்டு. மேய்ச்சலில் மாடு பெரும்பாலும் அதை ஒதுக்கிவிடும். காய்ந்த புல்லோடு கலந்துவிட்டால் ஒதுக்க வழியில்லை, உலர்ந்தாலும் நஞ்சு போவதில்லை. தோட்டக்காரருக்கோ அது செல்லப்பிள்ளை. குரோக்கஸ், கோல்ச்சிக்கம் இரண்டையும் பற்றி ஈ. ஏ. பௌல்ஸ் 1924இல் தோட்டக்காரர்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். மண்ணும் நீருமின்றிச் சன்னலோரத்தில் கிடக்கும் கிழங்குகூடப் பருவம் வந்தால் பூத்துவிடும். தோட்டத்தார்க்கு அதனிடம் உள்ள மனத்தாங்கல் இலைதான். வசந்தத்தில் அகன்று வளர்ந்து அண்டைச் செடிகளை மூடும். பிறகு நெடுநாள் மஞ்சளாய்ச் சாய்ந்து கிடக்கும். பொறுமையற்றவர் அதை அறுத்தெறிவர். புதிய கிழங்குக்கான உணவைச் சேர்ப்பது அந்த இலையே. செப்டம்பரில் பூ வராதபோது எலி தின்றதோ என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பர். எலி பொதுவாக அதைத் தீண்டுவதில்லை.