பாம்பன் கடலில் மூன்று பங்காளிகள்

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பார்கள். நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு. 2025-ல் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பின்னணியில் வைத்து ஒரு செல்ஃபி, கீழே வரிசையாக நிற்கும் படகுகளை ஒரு வீடியோ, அவ்வளவுதான். ராமேஸ்வரம் நோக்கிப் பயணம் தொடரும். அந்த இரண்டு நிமிடத்தில் நாம் இரண்டு கடல்களுக்கு நடுவே நின்றிருக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு இவை வடகடல், தென்கடல். ஒன்று கொந்தளித்தால் இன்னொன்று பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்.

ராமேஸ்வரம் என்றால் கோயில், தீர்த்தங்கள், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம் என்று ஒரு பட்டியல் எல்லோரிடமும் உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத மூன்று பேரை இங்கே அறிமுகப்படுத்தப் போகிறேன். மூவரும் இந்தத் தீவுக்கும் தென்கடலுக்கும் சொந்தக்காரர்கள். மூவருக்கும் உடம்பு மொத்தமே ஒரே ஒரு செல்தான். மூவரும் பங்காளிகள். ஒருவர் பவளப்பாறையை வாழவைக்கிறார், ஒருவர் அதே பாறையை மூச்சுத் திணற வைக்கிறார், மூன்றாமவர் மனுஷனுக்குக் குளிர்க்காய்ச்சல் கொடுக்கிறார்.

முதலில் அந்த நடுவாமவர். அவர்தான் கண்ணில் படக்கூடியவர்.

2019 ஆகஸ்ட் 18-ம் தேதி இரவு சென்னையில் திருவான்மியூர், பாலவாக்கம் கரைகளில் அலைகள் நீல நிறத்தில் மின்னியது நினைவிருக்கிறதா? நள்ளிரவில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போய்ப் பார்த்தார்கள். கைப்பேசியில் அந்த நீலம் பரவியது. 2024 அக்டோபரில் மறுபடியும் ஈ.சி.ஆர். கரையில் அதே காட்சி, அதே கூட்டம். அந்த ஒளிக்குச் சொந்தக்காரர் நாக்டிலூகா. லத்தீனில் 'இரவில் ஒளிர்வது' என்று பொருள்.

சென்னைக்காரர்கள் ரசித்துவிட்டு வீடு திரும்பிய அடுத்த மாதம், 2019 செப்டம்பரில், பாம்பன், மண்டபம் பக்கம் தென்கடல் பச்சையாகிவிட்டது. இலைச்சாற்றைக் கரைத்து ஊற்றியது போன்ற பச்சை. கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின. அதுவும் இதே நாக்டிலூகாதான். மீனவர்கள் இதைப் 'பூங்கோரை' என்கிறார்கள். பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது.

"பூங்கோரை வந்திருச்சுன்னா கடலுக்குப் போயிப் பிரயோசனமில்ல தம்பி" என்றார் குந்துகால் அருகே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். "வலையெல்லாம் கொழகொழன்னு ஆயிரும். மீனு அந்தத் தண்ணியில நிக்காது. ஓட முடியாதது செத்துப்போகும்." ஓட முடிந்தது, ஓட முடியாதது என்று அவர் பிரித்ததில் விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ரவையை ஊறவைத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அந்த அளவு, அரை மில்லிமீட்டர் சுற்றில், கண்ணாடி போன்ற ஓர் உருண்டை. அதுதான் ஒரு நாக்டிலூகா. ஒற்றைச் செல் உயிர்களில் இது பூதம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி டம்ளரில் பிடித்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். உருண்டையின் ஒரு பக்கம் பள்ளம். அங்கிருந்து ஒரு சிறு தும்பிக்கை நீண்டிருக்கும். அதை வைத்து அகப்பட்டதையெல்லாம் பிடித்துத் தின்னும். டயாட்டம் எனப்படும் நுண்பாசிகள், சிறு உயிரிகளின் முட்டை, மீன் முட்டைகூட. ஒரு செல் மட்டுமே உள்ள ஒன்று, நாளைய மீனை முட்டையிலேயே முடித்துவிடுகிறது!

ஒளி எப்படி வருகிறது? அலை மோதியோ, நம் கை பட்டோ அந்த உருண்டை லேசாக நசுங்கினால் போதும், அதற்குள் ஒரு மின் துடிப்பு ஓடும். உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்களாக லூசிஃபெரின் என்ற பொருள் இருக்கிறது. மின் துடிப்பு வந்ததும் அந்தப் பொட்டலங்களுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. ஒரு நொதி வேலைக்கு வந்து லூசிஃபெரினை ஆக்ஸிஜனோடு சேர்க்கிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் நீலம் பளிச்சிடும். சூடு கிடையாது. தன்னைத் தின்ன வருகிற சிறு இறால் போன்ற உயிரியைத் திடுக்கிட வைக்கலாம். அல்லது அதைத் தின்னக்கூடிய பெரிய மீனுக்கு 'திருடன் இங்கே இருக்கிறான்' என்று காட்டிக்கொடுக்கலாம். ஊர்க்கோடியில் நாய் குரைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம் பக்கத்துக் கடல்களில் இருக்கும் நாக்டிலூகாவுக்கு இன்னொரு விசேஷம். குளிர் நாடுகளில் இது கடலைத் தக்காளி ரசம் போலச் சிவப்பாக்கும். இங்கே பச்சை. காரணம், இதன் உடம்புக்குள் ஆயிரக்கணக்கில் பச்சைப் பாசிகள் குடித்தனம் இருக்கின்றன. அவை உள்ளேயே நீந்திக்கொண்டு, வெயிலில் உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கின்றன. வேட்டையும் உண்டு, வீட்டுச் சமையலும் உண்டு. பிறகு ஏன் பெருகாது?

பெருகுவதுதான் சிக்கல். தென்மேற்குக் காற்று தணிந்து கடல் அமைதியாகும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில், தண்ணீரில் சத்துப்பொருள் மிகுந்திருந்தால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிக் கடலே மூடிவிடுகிறது. சத்து, ஆழத்திலிருந்து இயற்கையாக மேலே வரலாம். கரையிலிருந்து நாம் விடும் கழிவாகவும் வரலாம். பகலில் பச்சைக் குடித்தனக்காரர்கள் ஆக்ஸிஜன் தருவார்கள். இரவில் எல்லோரும் சேர்ந்து அதை உறிஞ்சுவார்கள். கூட்டம் மொத்தமாகச் செத்து அழுகும்போது பாக்டீரியாக்கள் மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, நாக்டிலூகா மிதப்பதற்காகத் தன் உருண்டைக்குள் அம்மோனியம் சேர்த்து வைத்திருக்கும். செத்து உடையும்போது அதுவும் தண்ணீரில் கலக்கும். விஷம் தயாரிக்கிற ஜாதி இல்லை இது. கூட்டத்தாலேயே கொல்கிறது.

நீந்தத் தெரிந்த மீன் தப்பித்துவிடும். பாறை இடுக்கில் ஒண்டியிருக்கும் மீனும், சேற்றில் புதைந்திருக்கும் நண்டும் மாட்டிக்கொள்ளும். துளியும் நகர முடியாதது பவளம். 2019-ல் மண்டபம் அருகே சிங்கில் தீவைச் சுற்றிப் பவளங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்ததே காரணம் என்று தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆய்வில் பதிவு செய்தார்கள். மான் கொம்பு போலக் கிளை விடும் அக்ரோபோரா இனம்தான் அதிகம் அடிபட்டது. வேகமாக வளர்வதும் அதுதான். முதலில் விழுந்ததும் அதுதான். இது முதல் தடவையும் அல்ல. 2008-லும் தென்கடலில் இப்படிப் பச்சை வந்து மீன்கள் செத்தன.

சரி, இந்த நாக்டிலூகா தாவரமா, விலங்கா? தின்பதால் விலங்கு என்று சிலரும், அதன் உறவினர்கள் பலர் வெயிலில் சமைப்பதால் பாசி என்று சிலரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1866-ல் ஜெர்மனியின் எர்னஸ்ட் ஹெக்கல், இரண்டிலும் சேராதவர்களுக்குப் புரோட்டிஸ்டா என்று தனி ராஜ்ஜியம் கொடுத்தார். 1969-ல் விட்டேக்கர் போட்ட ஐந்து ராஜ்ஜியப் பட்டியலில் அது நிலைத்தது. நம் பள்ளிப் பாடத்தில் படித்தது அதைத்தான். வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்குப் புரியும். மளிகை, பால், பள்ளிக் கட்டணம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் 'இதர செலவு' என்று ஒன்று போடுவோமே, புரோட்டிஸ்டா அப்படிப்பட்ட தலைப்பு. உள்ளே இருப்பவர்களுக்குள் உறவு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மரபணுவைப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்த 'இதர' கலைந்துவிட்டது. அமீபா இந்தக் கும்பலைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. நாக்டிலூகாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? மலேரியாக் கிருமி!

மலேரியா இந்தத் தீவுக்கு அந்நியமில்லை. தமிழ்நாட்டில் மலேரியா விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் ராமேஸ்வரம் ஒன்று. மணலில் தோண்டிய ஊற்றுக் கிணறுகள், கன்றுகளுக்குத் தண்ணீர் விட வெட்டிய குழிகள், மொட்டைமாடித் தொட்டிகள் என்று அனாபிலிஸ் கொசுவுக்கு இங்கே தொட்டில்கள் ஏராளம். குடிதண்ணீர் அருமையான தீவில் தண்ணீரைச் சேமிக்காமல் இருக்க முடியுமா? 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கியது இதே குந்துகாலில். அதே வருடம் ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். சம்பந்தமில்லாத இரண்டு செய்திகள்தான். குந்துகாலில் நின்றால் எனக்கு ஏனோ சேர்ந்தே ஞாபகம் வரும்.

மூன்றாவது பங்காளியை நேரில் பார்க்க முடியாது. அவர் குடியிருக்கும் வீட்டைப் பார்க்கலாம். குந்துகாலிலிருந்து வனத்துறை படகில் குருசடைத் தீவு. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை சிதறிக் கிடக்கும் 21 தீவுகளில் ஒன்று. 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தண்ணீர் தெளிந்த நாளில் கீழே பழுப்பும் இளம்பச்சையுமாகப் பவளம் தெரியும். அந்தப் பழுப்பு பவளத்தின் நிறமல்ல. பவளத்தின் சதை கண்ணாடி மாதிரி. அதற்குள் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் கணக்கில் குடியிருக்கும் ஒற்றைச் செல் உயிர்களின் நிறம் அது. சூசாந்தெல்லே என்பார்கள். பவளத்துக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை இவை சமைத்துப் போடுவதுதான். தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் இந்த உறவு முறிகிறது. சமையல்காரர் வெளியேற, பவளம் வெளிறி எலும்பு நிறமாகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடா அப்படி வெளிறியது.

சூசாந்தெல்லே, நாக்டிலூகா இரண்டும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒரே குலம். மலேரியாக் கிருமி அதை ஒட்டிய கிளை. மூவருக்கும் பாட்டன் ஒருவரே. வெயிலில் உணவு சமைக்கும் பசுங்கணிகம் என்ற சொத்து அந்தப் பாட்டனிடம் இருந்தது. பங்காளிகள் அதை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சூசாந்தெல்லே அந்த நிலத்தை இன்றும் உழுது, தானும் சாப்பிட்டுப் பவளத்துக்கும் படியளக்கிறது. நாக்டிலூகா பூர்வீகச் சொத்தைத் தொலைத்துவிட்டு, வெளியாரைக் குடிவைத்து வாரம் வாங்குகிறது. மலேரியாக் கிருமி இருட்டில், நம் ரத்தத்துக்குள் வாழப் போய்விட்டது. வெயிலே கிடையாது, ஆனாலும் பசுங்கணிகத்தின் மிச்சம் ஒன்றைப் பூட்டிய அறை மாதிரி இன்னும் வைத்திருக்கிறது. அதில் பச்சை இல்லை, சமையல் இல்லை. ஆனால் அந்த அறை இல்லாமல் அதனால் பிழைக்கவும் முடியாது. மலேரியாவுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை போய்த் தாக்குவது அந்த அறையைத்தான். நம் உடம்பில் அப்படி ஓர் அறை கிடையாது.

கரையேறியதும் ஒரு பிடி மணலை உள்ளங்கையில் எடுத்து, நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற லென்ஸில் பாருங்கள். நத்தை போலச் சுருண்ட, அறை அறையாகத் தடுத்த மணிகள் கிடைக்கும். ஃபோரமினிஃபெரா என்ற இன்னொரு ஒற்றைச் செல் உயிரின் ஓடுகள் அவை. நம் பங்காளிகளுக்கு இவர்கள் தூரத்துச் சொந்தம். சிப்பித் துண்டு என்று நினைத்து மிதித்துப் போயிருப்போம்.

செத்த பவளங்களுக்குப் பதிலாகச் சிமென்ட் பலகைகளில் உயிருள்ள கிளைகளைக் கட்டிக் கடலடியில் நடும் வேலை இந்தத் தீவுகளைச் சுற்றிப் பல வருடங்களாக நடக்கிறது. தோட்டத்தில் பதியன் போடுவது போலத்தான். இயற்கையும் தன் பங்குக்கு முயல்கிறது. அக்ரோபோரா பவளங்கள் மார்ச் மாதத்தை ஒட்டி முட்டையும் விந்துமாகக் கடலில் விடும். அதில் பிறக்கும் குஞ்சு சில நாள் மிதந்து, ஒரு பாறையில் ஒட்டும். பிறக்கும்போது அதனிடம் சூசாந்தெல்லே ஒன்றுகூட இருக்காது. இரண்டு கசைகளால் துழாவிக்கொண்டு தண்ணீரில் தனியாகத் திரியும் ஒன்று வந்து அதன் வாய்க்குள் போக வேண்டும். போனால் செரிக்காமல் உள்ளே தங்க வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் கண்ணாடி போல இருக்கும் அந்தக் குஞ்சு மெல்லப் பழுப்பு நிறமாகத் தொடங்கும்.