உபரி எலும்பு

என் இடது பாதத்தின் உட்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால், ஒரு புடைப்பு உண்டு. அப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் அவர் முப்பது வருஷம் வேலை பார்த்தார். ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் வரை ரயில், அங்கிருந்து நடை. கம்பெனி கொடுத்த பூட்ஸ் அந்தப் புடைப்பில் உரசும். தோல் கன்றும், காய்க்கும், மறுபடி கன்றும். ஷிப்ட் முடிந்து வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து, இடது பூட்ஸைத்தான் முதலில் கழற்றுவார். "காலு கோணல். பூட்ஸ் என்னடா பண்ணும்?" என்பார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பூட்ஸுக்கு நம்பர் இருந்தது. காலுக்கு இல்லை.

அவர் போய்ப் பல வருஷங்களுக்குப் பிறகு, பூந்தமல்லியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எனக்குக் கால் பிசகியது. எக்ஸ்ரேயில் முறிவு ஏதுமில்லை. படகெலும்பை ஒட்டி ஒரு சின்ன எலும்பு தனியாக நின்றது. வியாதியில்லை, பிறவியிலேயே உள்ளது என்றார் டாக்டர்.

பாதத்துக்கு 26 எலும்புகள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த உபரி எலும்பு உண்டு. பௌஹின் என்ற உடற்கூற்றியலாளர் 1605இலேயே இதைக் குறித்திருக்கிறார். அநேகருக்கு இது இருப்பதே தெரியாமல் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. வலிப்பது, பாதத்தின் வளைவைத் தாங்கும் தசைநாண் அதைப் பிடித்து இழுக்கும்போது. அல்லது ஏதாவது ஒன்று அதன்மேல் அழுந்தும்போது.

அழுந்தியது ஆங்கிலேய அளவு. அந்த அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம்பர் நீளத்தைச் சொல்லும். அகலத்தைச் சொல்லாது. அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச்சுக்குள், நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. நம் பாதங்கள் ஐரோப்பியரின் பாதங்களைவிட அகலமானவை என்று தெரியவந்தது.

சந்தோஷம்தான். ஆனால் லட்சம் பாதங்களைக் கூட்டி வகுத்தால் ஒரு புடைப்பு அதில் கரைந்துபோகும். சராசரி இந்தியப் பாதமும் அப்பாவுடையது அல்ல. ஒருவேளை யாருடையதும் அல்ல.

அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்ததில்லை. அவருக்கும் அதே எலும்புதான் என்பது என் ஊகம். பால் தெளித்த அன்று, சாம்பலிலிருந்து பொறுக்கிப் பானையில் போட்ட துண்டுகளில் அது எது என்று தேட எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நெருப்பில் அவ்வளவு சின்னது மிஞ்சியிருக்காது.

கால் கோணல் இல்லை என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.